சிவப்புச் சட்டை ரெக்கார்டு

புதுச்சேரிக்காரர் ரெக்கார்டைச் சுவரில் வைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நாலடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிடித்துக்கொண்டிருந்தவன் என் தம்பி.

“நடுவுலயே ஓட்ட இருக்குது பாருங்க. ஆணி அடிக்க வசதி,” என்றார் அவர்.

சிதம்பரத்தில் என் தம்பி மகள் செல்வி வீட்டு ஹால் அது. பகல் பதினோரு மணி இருக்கும். சுவருக்குப் புதுசாக அடித்த பெயிண்ட் வாசனை. நான் அடுப்படித் திரைக்குப் பின்னால், கடலூரிலிருந்து கொண்டுவந்த மீன் குழம்புத் தூக்கைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

தம்பி கையில் இருந்தது கனடா நாட்டுப் பாட்டுக்காரர்கள் போட்ட ரெண்டாவது ரெக்கார்டு. இந்த உலகத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் காட்டியிருக்க வேண்டும். காட்டியிருக்க மாட்டேன். என் சுபாவம் அப்படி. திரைக்கு அந்தப் பக்கம் வேற்று ஆள் ஒருத்தர் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நெத்திலிக் குழம்பைப் பற்றி எழுதினேன். இந்த வாரமும் குழம்பு வரும், தூக்குக்குள்ளேயே இருக்கும். இந்த வாரம் பாட்டு.

கறுப்புத் தோசைக்கல்

என் தம்பி தங்கராசு கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். பெண்டாட்டியைச் சீக்கிரமே பறிகொடுத்துவிட்டதால் செல்வி எங்களிடம்தான் வளர்ந்தாள். சுனாமி வந்த மறு வருஷமோ, அதற்கு அடுத்ததோ, கப்பல் போதும் என்று கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். ஊரே கடலைப் பார்த்து மிரண்டு கிடந்த சமயம். இவன் கடலிலிருந்து சிரித்துக்கொண்டு வந்து இறங்கினான்.

கப்பலுக்குப் போனவர்கள் திரும்பினால் சென்ட்டு வரும், கம்பளி வரும், வாசனை சோப்பு வரும். இவன் ரெக்கார்டைச் சுழலவிட்டுப் பாட்டுக் கேட்கிற ஒரு பெட்டியும் அட்டை உறை போட்ட மூன்று ரெக்கார்டும் கொண்டுவந்தான்.

எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் இருந்தவர். ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏன் மச்சான், ஒலகம் பூரா சுத்திட்டு இந்தக் கறுப்புத் தோசக்கல்லத் தூக்கினு வந்திருக்கியே.”

“தோசக்கல்லு இல்ல மாமா. கனடா பாட்டு.”

“அதத்தான் சொல்றேன். தோசக்கல்லா இருந்தா தோசயாவது ஊத்தலாம்.”

கனடாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் ரிப்பேராகி நின்றதாம். வெளியே பனி. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். அதற்குப் பயந்து ஒரு குடிக்கிற கடைக்குள் நுழைந்திருக்கிறான். உள்ளே இவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ப்ளூஸ் என்று அந்தப் பாட்டுக்குப் பேர். அமெரிக்காவில் கறுப்பு சனங்கள் கஷ்டத்தில் பாடின பாட்டு. அதை எடுத்துக் கனடாவில் ஊர் ஊராகக் கொண்டுபோன முதல் ஆட்களில் இந்தக் கூட்டமும் உண்டு என்று தம்பி சொல்வான். கூட்டத்தின் பேரையும் சொல்வான். என் வாயில் வந்தால் அது வேறு யாரோ ஆகிவிடுகிறது. எனக்கு அவர்கள் கனடாக்காரர்கள்தான்.

துக்கப் பாட்டு என்றுதான் சொன்னான். ஆனால் கேட்கிறவர் கால் சும்மா இருக்காது. அது எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. நெத்திலி ஆய்ந்துகொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருப்பேன், கட்டை விரல் தானாக ஆடும். புடவையை இழுத்து விரலை மூடிக்கொள்வேன்.

மூன்றும் மூன்று மாதிரி

மூன்றுமே அவர்கள் ஆரம்பத்தில் போட்டவை.

முதலாவதின் அட்டையில் ஒரு கொட்டகைப் படம். அது ஸ்டூடியோவில் எடுத்த பாட்டு இல்லையாம், ஏதோ கொட்டகையில் எடுத்ததாம். கேட்டாலே தெரியும். நடுவில் யாரோ இருமுவார்கள். நாற்காலி நகரும். பாடுகிறவர் குரல், விடிகாலையில் மீன் ஏலம் விடுகிறவருக்கு மத்தியானத்தில் இருக்குமே, அப்படி. தம்பிக்கு அதுதான் உசிர். “இதுல வேர்வ நாத்தமே அடிக்குதுக்கா,” என்பான். அதைப் பெருமையாகச் சொல்வான்.

மூன்றாவதில் பெரிய பெரிய குழல்கள் சேர்ந்துவிட்டன. கல்யாண ஊர்வல பேண்டு தெருமுனை திரும்புகிற மாதிரி இருக்கும். தோசைக்கல் என்று சொன்ன எங்கள் வீட்டுக்காரர், அது ஓடும்போது மட்டும் பேப்பரை மடித்து முட்டியில் தட்டிக்கொண்டிருப்பார். நான் பார்த்தால் பேப்பரை விரித்துவிடுவார்.

ரெண்டாவதுதான் என்னுடையது. அட்டையில் சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தர் மவுத் ஆர்கனை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முதல் பாட்டில் அந்த மவுத் ஆர்கன் எங்கோ தூரத்தில் ஆரம்பிக்கும், முதுநகர் ஸ்டேஷனுக்குள் கூட்ஸ் வண்டி நுழைகிற மாதிரி. பிறகு தடித்த கம்பி கிட்டாரும் மேளமும் சேர்ந்து ஒரு தாளம் போடும். அந்தத் தாளத்தை நான் அதற்கு முன்னாலேயே கேட்டிருக்கிறேன்.

நானும் தம்பியும் பிறந்தது காட்டுமன்னார்கோயிலில், ரைஸ் மில்லை ஒட்டின ஒரு வீட்டில். அப்பாவுக்கு மில்லில் வேலை. மில் பெல்ட்டில் அறுந்து ஒட்டுப்போட்ட இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒட்டு சக்கரத்தில் பட்டு ‘டப்’ என்னும். எங்களுக்குத் தாலாட்டு அதுதான். மில் நின்றால் ரெண்டு பேரும் முழித்துக்கொண்டு அழுவோம் என்று அம்மா சொல்வார்.

சிவப்புச் சட்டை ரெக்கார்டில் அந்த டப் இருந்தது. தம்பிக்கு அது தெரிந்ததோ என்னவோ, அவன் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

பின்னாளில் அவர்கள் பாடினதும் ஒன்றிரண்டு கேசட்டாக அவனிடம் இருந்தது. குறை சொல்ல முடியாது. சுத்தமாக இருக்கும், ரெண்டு தரம் தீட்டின அரிசி மாதிரி. சோறு வெள்ளையாக வரும், ஆனால் கஞ்சியில் ருசி இருக்காது. எனக்கு ஆரம்பத்து மூன்றுதான்.

ஒருநாள் வாய்விட்டு ஒரு சந்தேகம் கேட்டுவிட்டேன்.

“ஏன்டா, சொன்னதையே திருப்பிச் சொல்றானே, மறந்துடறானா?”

“இந்தப் பாட்டு அப்படித்தான்க்கா. ஒரு வரி சொல்லுவான். அதயே மறுபடி சொல்லுவான். அப்புறம்தான் பதிலு.”

“மொதல்லயே பதிலச் சொன்னா ஆவாதா?”

“சொல்லிட்டா பாட்டு முடிஞ்சிடுமே.”

என்ன பதில் என்று கேட்டால், எல்லாப் பாட்டிலும் யாரோ ஒருத்தி வீட்டை விட்டுப் போயிருப்பாள். “அந்த ஊர்ல பொம்பளைங்க வீட்டுலயே தங்க மாட்டாங்களா?” என்றேன். “தங்கிட்டா இவனுக்குப் பாட்டு எங்கேந்து வரும்,” என்றான்.

காபியானாலும் காணியானாலும்

எங்கள் பக்கத்தில் யாராவது ஒன்றைக் கொடுத்தால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காபியானாலும் சரி, காணி நிலமானாலும் சரி. உடனே கை நீட்டினால் அலைகிறான் என்று பேர் வந்துவிடும். கொடுக்கிறவர் மறுபடியும் கேட்க வேண்டும். அப்போது “எதுக்கு இதெல்லாம்” என்று இழுத்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சில பெரிய மனுஷர் வீடுகளில் இது நடந்து முடிவதற்குள் காபி ஆறி ஆடை கட்டிவிடும்.

இதில் பிசகினால் ஆயுசுக்கும் தீராது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக்காரரிடம் அம்மா இன்னொரு வடை வைக்கட்டுமா என்று கேட்டார். அவர் மரியாதையாக வேண்டாம் என்றார். அதற்குள் உள்ளே பால் பொங்கிவிட, அம்மா தட்டோடு எழுந்து ஓடிவிட்டார். மறுபடி கேட்கவில்லை. வடை என்று எங்கே பேச்சு வந்தாலும் அவர் இன்றைக்கும் சொல்லுவார், “உங்க வீட்டுல ஒண்ணுதான் குடுத்தாங்க.”

செல்விக்குக் கல்யாணமாகி, வேலையும் கிடைத்து, சிதம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டாள். அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். நியாயம்தானே. தம்பி துணிமணியைக் கட்டினான். பெட்டியைத் துடைத்தான். ரெக்கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“அக்கா, பாட்டுப் பெட்டியெல்லாம் இங்கயே வெச்சுட்டுப் போட்டுமா? நீ கேப்பியா?”



“எனக்கு எதுக்குப்பா. நீயே எடுத்துனு போ,” என்றேன்.

“சரிக்கா,” என்றான்.

அவ்வளவுதான். ரெக்கார்டுகளைப் பழைய லுங்கியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டான். நான் துடைப்பத்தை எடுத்து, பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டு நின்றேன். இன்னொரு தரம் கேட்பான் என்று பார்த்தேன். ஆட்டோ வந்துவிட்டது.

திடீர் பக்தி

அதற்குப் பிறகுதான் எனக்கு நடராசர் மேல் பக்தி வந்தது.

ஆனித் திருமஞ்சனம் என்பேன். ஆருத்ரா என்பேன். பிரதோஷம் என்பேன். ஒன்றும் கிடைக்காவிட்டால், கனவில் கோபுரம் வந்தது என்பேன். கடலூரில் பஸ் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிச் சிதம்பரம். பக்கத்து வீடுகளில் என்னை உதாரணம் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். “இந்த வயசுல எத்தன வைராக்கியம் பாரு அவுங்களுக்கு.”

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் என் கைப்பையைப் பார்ப்பார்.

“இந்தா, சாமி தரிசனத்துக்கு மீன் கொழம்பு எதுக்கு?”

“அது தம்பிக்கு. போற வழிதான.”

“கோயிலு போற வழியா, தம்பி வூடு போற வழியா?”

சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று கீழ வீதியில் இறங்கிக் கோபுர வாசலில் நிற்பேன். கையில் மீன் இருப்பதால் உள்ளே போகிறதில்லை. வெளியிலிருந்தே ஒரு கும்பிடு. ஆடுகிற சாமிக்குப் பாட்டுக் கேட்கப் போகிறவள் மேல் என்ன கோபம் வந்துவிடப் போகிறது.

தம்பி பதினோரு மணிக் காபி குடித்ததும் பெட்டியைத் திறப்பான். அதைக் கணக்குப் பண்ணித்தான் நான் போய்ச் சேருவேன். போனதும் செல்வியிடமிருந்து அரிவாள்மனையை வாங்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன். முதலில் எப்போதும் அவனுடைய கொட்டகை ரெக்கார்டுதான். அது ஓடி முடிகிற வரை இருமலையும் நாற்காலியையும் பொறுத்துக்கொள்வேன். அப்புறம் சிவப்புச் சட்டை வருமா வராதா என்பது அவன் மனசைப் பொறுத்தது. இதைப் போடு என்று சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லத் தெரிந்தால் இவ்வளவு கத்தரிக்காய் நறுக்கியிருப்பேனா.

அவன் மனசு வைத்தாலும் கரண்ட் மனசு வைக்க வேண்டும். அந்த வருஷங்களில் கரண்ட் கட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டேப்பில் கரண்ட் போனால் பாட்டு நின்றுவிடும். ரெக்கார்டு அப்படி இல்லை. தட்டு மெல்ல மெல்லச் சுற்றும், குரல் தடித்துத் தடித்து எருமை முனகுகிற மாதிரியாகி, பெருமூச்சு விட்டு நிற்கும். ஒருமுறை சிவப்புச் சட்டையை அப்போதுதான் வைத்தான். மவுத் ஆர்கன் ரயில் தூரத்தில் வந்தது. டப் ஆரம்பிக்கப் போகிற இடம். ரயில் அப்படியே தண்டவாளத்தில் படுத்துவிட்டது.

“ப்ச்,” என்றேன்.

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “விரல வெட்டிக்கிட்டியா அத்தை?”

“இல்ல. கத்திரிக்கா சொத்த,” என்றேன்.

அவள் அந்தக் கத்தரிக்காயை எடுத்துப் புரட்டிப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

திரைக்கு இந்தப் பக்கம்

இப்போது மறுபடி அந்த ஹாலுக்கு வருகிறேன்.

புதுச்சேரிக்காரர் செல்வியோடு வேலை பார்க்கிற ஒருத்தருக்குச் சொந்தம். அங்கே காபிக் கடை திறக்கிறார். சுவர் பூராவும் பழைய சாமான் மாட்டப் போகிறாராம். நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் பேசினார். ரெக்கார்டு கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். தம்பி சரி என்று சொல்லிவிட்டான். கேட்டவுடன் சரி, வேண்டாம் என்றால் விட்டுவிடுவது, அதுதான் அவன் வழக்கம்.

“எனக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு,” என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். “என்னத் தவிர இத யாரும் கேக்கறதும் இல்ல. சொவத்துல இருந்தா நாலு பேராவது பாப்பாங்க.”

கொட்டகை ரெக்கார்டும் மூன்றாவதும் ஏற்கெனவே அவருடைய துணிப்பைக்குள் போய்விட்டன. சிவப்புச் சட்டைதான் பாக்கி.

செல்வி அடுப்படிக்குள் வந்தாள். “அத்தை, காபி?”

“வேணாம்மா.”

அவள் பேசாமல் டம்ளரை எடுத்துக் காபியை ஊற்றி என் கையில் திணித்தாள். என் கையில் வளர்ந்தவள், அவளுக்கு என்னைத் தெரியும். அந்தச் சூடு கையில் பட்டதும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை.

“தம்பி,” என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. ஹாலில் பேச்சு நின்றது.

“இன்னாக்கா?”

“அது எனக்கு வேணும்.”

“எது?”

“நீ கையில வெச்சிருக்கறது.”

திரை விலகியது. தம்பி ரெக்கார்டோடு நின்றான். அவனுக்குப் பின்னால் புதுச்சேரிக்காரர். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டேன்.

“ஒனக்கா? அன்னிக்கே கேட்டனேக்கா. வேணாம்னு சொன்னியே.”

“நீ ஒரு தடவதான கேட்ட.”

“கப்பல்ல ஒரு தடவதான் கேப்பாங்கக்கா. வேணாம்னா தட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

“எங்க வூடு கப்பலா?”

செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்பா, அத்தைகிட்ட ஒரு தடவ கேட்டா, அது கேக்காத மாதிரிதான்.”

“அப்ப இத்தன நாளும் பஸ் ஏறி ஏறி வந்தியே...”

“நடராசரு,” என்றாள் செல்வி.

புதுச்சேரிக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் நம்ம பக்கத்து ஆள்தானே. துணிப்பையிலிருந்து மற்ற ரெண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். “அம்மா கேட்டதுக்கப்புறம் எடுத்துனு போவ முடியுமாங்க,” என்றார். சும்மா போகக் கூடாது என்று தம்பி, தான் வேலை பார்த்த கப்பலின் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கொடுத்தான். அவர் முதலில் வேண்டாம் என்றார். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி கேட்டான். வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“இது ஏன்க்கா? கொட்டாய் ரெக்கார்டு இதவிட நல்லாயிருக்குமே.”

“அதுல பெல்ட்டு இல்ல.”

“எந்த பெல்ட்டு?”

“மில்லு பெல்ட்டு.”

அவன் அட்டையில் இருந்த சிவப்புச் சட்டைக்காரரைப் பார்த்தான். பிறகு விரலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினான்.

“டப்பு,” என்றான்.

“டப்பு,” என்றேன்.

சாயங்காலம் நான் கிளம்புகிற நேரம். மூன்று ரெக்கார்டையும் அதே பழைய லுங்கியில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்போதுதான் அவன் மேசையில் இருந்த பாட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

“பெட்டியும் எடுத்துனு போக்கா.”

“பெட்டி எனக்கு எதுக்குப்பா. வேணாம்.”

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. பெட்டி இல்லாமல் ரெக்கார்டை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரர் சொன்ன மாதிரி தோசைதான் ஊற்ற வேண்டும். ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். செல்வி அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். நான் செருப்பு வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றேன்.

தம்பி பெட்டியின் மூடியைச் சாத்தினான். வயரை நிதானமாகச் சுற்றிச் செருகினான்.

மறுபடியும் கேட்டான்.